தண்ணீருக்கு ஓகஸ்ட், கழிவுநீருக்கு டிசம்பர்: திருகோணமலையில் பெரிய குடியிருப்புத் திட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருகோணமலையைப் பெருநகராக்கும் பேச்சு ஓய்ந்ததே இல்லை. துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள், சீனக்குடா, சம்பூர், நிலாவெளிக் கரை என்று வரைபடத்தில் வர்ணம் பூசாத இடம் குறைவு. சிங்கப்பூரின் சுர்பானா ஜுரொங் நிறுவனத்திடமும் ஒரு பெருந்திட்டம் வரையச் சொல்லிக் கேட்டாயிற்று. இப்படியான படங்களில் வீதியும் மாடியும் முதல் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும். குழாய்களைத் தேடினால் கடைசிப் பின்னிணைப்பில் கிடைக்கும். அந்தப் பின்னிணைப்பை எழுத வேண்டிய இளம் பொறியியலாளர், தொழினுட்ப உத்தியோகத்தர், திட்டமிடலாளர், அதைக் கேள்வி கேட்க வேண்டிய உள்ளூராட்சி சபை உறுப்பினர் ஆகியோருக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடையோடு கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும். கிணறு இறங்கும், குளம் வற்றும். அதே மாதங்களில்தான் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் என்பதால் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளும் நிரம்பும். ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோவிலுக்கு வரும் சனமும் அந்தக் காலத்துச் சனமே. ஆகவே தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதமும் அதிகம் தேவைப்படும் மாதமும் இங்கே ஒன்றுதான். கழிவுநீர் இதற்கு நேர்மாறு: நிலம் ஊறி, நிலத்தடி நீர் காலடிக்கு வந்து, கான்கள் நிரம்பும் டிசம்பரில்தான் அது பிடிபடாமல் போகும். எனவே வழங்கலை ஓகஸ்டுக்கும் கழிவகற்றலை டிசம்பருக்கும் கணக்கிட வேண்டும். வருடச் சராசரியில் போட்ட கணக்கு இந்த ஊரில் வராத ஒரு மாதத்துக்குப் போட்ட கணக்கு.

படி 1: நிலத்தை இரண்டு காலத்திலும் பாருங்கள்

ஒரு காலத்தில் மட்டும் போக முடிந்தால், மற்றக் காலத்தை அயலவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "போன மாரியில் தண்ணி எதுவரைக்கும் நின்றது அம்மா?" என்று கேட்டால் சுவரில் கறையைக் காட்டுவார்கள். அந்தக் கறையின் உயரத்தை அளந்து, இடத்தைக் குறித்து, படத்தில் ஏற்றுங்கள். எத்தனையோ அறிக்கைகளில் இல்லாத தகவல் அது.

ஊருக்குள் மண் ஒரே மாதிரி இல்லை. சாம்பல்தீவு, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை மணல். ஓர்ஸ் ஹில், கன்னியாப் பக்கம் சில அடி தோண்டினாலே பாறை. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வயலும் சதுப்பும். மணலில் தோண்டுவது சுலபம், ஆனால் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பாறையில் தண்ணீர் தொல்லை இல்லை, ஒவ்வொரு மீற்றர் குழாய்க்கும் உடைப்புக் கூலி உண்டு. இதை விலைப்பட்டியலில் முதல் நாளே பிரித்துக் காட்டுங்கள்.

அயல் கிணறுகளில் நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் அளவெடுங்கள். கையடக்க மானி ஒன்று போதும், உவர் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். ஊறல் சோதனை செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். குழியில் நீர் ஊற்றி எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. ஓகஸ்டில் செய்தால் மணல் அழகாக உறிஞ்சிவிடும், "உறிஞ்சுகுழி போதும்" என்று அறிக்கை எழுதிவிடலாம். அதே குழி டிசம்பரில் அடியிலிருந்தே நிரம்பிக் கிடக்கும். எந்தத் திகதியில் சோதித்தார்கள் என்று எழுதாத ஊறல் சோதனை அறிக்கையை யார் கொடுத்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

படி 2: ஆட்களை எண்ணுங்கள், பிறகு தண்ணீரை

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுப்போம். 10,000 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், மொத்தம் 40,000 பேர். குழாய் இணைப்புள்ள வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று கொண்டால் 4,800 கன மீற்றர். ஒரு கன மீற்றர் என்பது தண்ணீர்க் கட்டணச் சிட்டையில் வரும் ஒரு அலகு.

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். தொடர்ந்து கூட்டுங்கள். விடுதி அறைகள் 1,500, அறைக்கு 500 லீற்றர் என்றால் 750. பாடசாலை, வைத்தியசாலை, கடை, அலுவலகங்களுக்கு ஒரு 600. இப்போது 6,150 ஆயிற்று. குழாய் வலையில் ஒழுக்கும் கணக்கில் வராத பாவனையும் உண்டு. இலங்கையில் இது நெடுங்காலமாக ஏறத்தாழ கால்வாசி. புதுக் குழாய் என்பதால் 20 வீதம் என்று தாராளமாக நம்பினாலும் அனுப்ப வேண்டிய அளவு 7,690 ஆகிறது. உச்ச நாளுக்கு 1.2 ஆல் பெருக்கினால் 9,200. சுத்திகரிப்பு நிலையம் தன் வடிகட்டிகளைக் கழுவச் செலவிடும் நீரையும் சேர்த்தால் மூலத்திலிருந்து எடுக்க வேண்டியது ஏறத்தாழ 9,700 கன மீற்றர். தொடங்கிய தொகையின் இரட்டிப்பு.

இந்த எண்கள் பழகுவதற்காக நான் எடுத்த ஊகங்கள். உங்கள் திட்டத்துக்கு நீர் வழங்கல் சபையின் வடிவமைப்புக் கையேட்டு எண்களைப் பயன்படுத்துங்கள். விடுதி அறைகளைப் பொறுத்தவரை வருடச் சராசரி நிரம்பலை ஏற்காதீர்கள். ஓகஸ்டில் எல்லா அறையிலும் ஆள் இருக்கும், நீச்சல் தடாகமும் இருக்கும், புல்லுக்குத் தண்ணீரும் அடிப்பார்கள்.

படி 3: தண்ணீர் எங்கிருந்து?

திருகோணமலைக் குழாய் நீர் பெரிதும் கந்தளாய்க் குளத்தை நம்பி நிற்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். குளக்கோட்டன் கட்டியது என்று நம் பக்கத்தாரும் இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று வரலாற்று நூல்களும் சொல்லும் குளம். யார் கட்டியிருந்தாலும் அது கட்டப்பட்டது வயலுக்கு. மின்னேரியாப் பக்கமிருந்து வரும் பழைய வாய்க்கால் வழியாக மகாவலிப் படுகை நீரும் அதற்குள் சேர்கிறது. ஆகவே உங்கள் 9,700 கன மீற்றரை நீர் வழங்கல் சபை மட்டும் தந்துவிட முடியாது. நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகார சபை, கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் அந்தத் தண்ணீருக்குப் பங்காளிகள்.

கமக்காரரோடு பேசப் போகும்போது கன மீற்றரில் பேசாதீர்கள். நாளுக்கு 10,000 கன மீற்றர் வீதம் 120 நாள் எடுத்தால் 12 இலட்சம் கன மீற்றர், அதாவது 970 ஏக்கர் அடிக்குச் சற்று மேல் (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி). சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாலைந்து ஏக்கர் அடி போகும் என்று வைத்தால், உங்கள் நகரம் ஏறத்தாழ 200 ஏக்கர் வயலின் தண்ணீரைக் கேட்கிறது. இந்தக் கணக்கை நீங்களே முதலில் போட்டு, வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைக்கும் கமக்காரர் அமைப்புத் தலைவருக்கும் முன்னால் வைத்துவிடுங்கள். மறைத்து வைத்தால் அவர்கள் போடும் கணக்கு இதைவிடப் பெரிதாக இருக்கும். போக ஆரம்பக் கூட்டம் கச்சேரி மட்டத்தில் நடக்கும்போது ஒரு பக்கமாக அமர்ந்து கேட்பதும் நல்லது. எந்த வருடத்தில் எத்தனை ஏக்கருக்கு மட்டும் சிறுபோகம் அனுமதித்தார்கள் என்பதிலிருந்து குளத்தின் உண்மையான நிலை தெரிந்துவிடும்.

இதைத் தட்டிக் கழித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கில் உதாரணம் இருக்கிறது. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். வருடக்கணக்கில் இழுபட்ட பிறகு வடமராட்சி கிழக்குத் தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. தீர்வு கிடைத்தது, ஆனால் விலை கூடிய தீர்வு. கடல்நீரை அழுத்தி மென்சவ்வூடாகச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்மறைச் சவ்வூடு பரவல் முறையில் ஒரு கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். நம் 9,200 கன மீற்றரையும் கடலிலிருந்தே எடுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 28,000 முதல் 37,000 அலகு. கூடவே உவர்க்கழிவை எங்கே விடுவது என்ற கேள்வியும் வரும். உள் துறைமுகத்துக்குள் விட முடியாது, பவளப்பாறைப் பக்கமும் விட முடியாது. என் மதிப்பில் கடல்நீர் விடுதித் தொகுதிகளுக்கும் கடும் வரட்சிக் காப்புக்கும் பொருந்தும். 40,000 பேரின் அன்றாடத் தண்ணீருக்கு அதை முதல் தெரிவாக வைப்பது அவசரம்.

கிணறு? கரையோர மணலில் மழைநீர் கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மட்டம் அரை மீற்றர் இறங்கினால் அடியில் உவர் 20 மீற்றர் ஏற இடம் கிடைக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளை அவசரமாக இறைத்துத் துப்புரவாக்கியபோது, அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் உவர் இன்னும் கூடியது. ஆழ்துளைக் கிணறு போட நினைப்பவர்கள் நீர்வளச் சபையிடம் போகாமல் துளைக்கும் இயந்திரத்தைக் கூப்பிட வேண்டாம். கூரை மழைநீர் ஒரு துணை. மழை முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் தேவை உச்சம் என்பதால், ஓகஸ்டுக்குக் கைகொடுக்கும் அளவுக்குத் தாங்கி கட்ட எந்த வீட்டிலும் இடம் இருக்காது. வெள்ளத்தைக் குறைக்கவும் கிணற்றுக்கு ஊட்டவும் அது நல்லது.

ஒற்றை மூலத்தில் தொங்கும் நகரம் என்பதையும் மறக்கக் கூடாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்படியான நாளில், அல்லது பிரதான குழாய் உடைந்த ஒரு வாரத்தில், நகரம் எதைக் குடிக்கும் என்ற கேள்விக்குத் திட்டத்தில் ஒரு பக்கமாவது இருக்கட்டும்.

படி 4: தாங்கி, அழுத்தம், குழாய்

இது புத்தகத்தில் இருக்கும் பகுதி, விரைவாகக் கடக்கலாம். நாளாந்தத் தேவையின் மூன்றில் ஒரு பங்கைச் சேமிக்க வைத்தால் நமக்கு 3,000 கன மீற்றர் தாங்கி. குன்று இருக்கும் இடத்தில் தரைத் தாங்கி மலிவு, நிலாவெளிச் சமதரையில் உயர்தாங்கிதான் வழி. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். மேட்டில் இருப்பவருக்குக் காலையில் தண்ணீர் ஏறுகிறதா, பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக் குழாய் இரவில் வெடிக்காமல் இருக்குமா என்று இரண்டையும் பார்த்து அழுத்த வலயங்களைப் பிரியுங்கள். ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு மொத்த மானி பூட்டினால்தான் ஒழுக்கு எங்கே என்று பிற்காலத்தில் தெரியும். கடைசி வீட்டுக் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். நீண்ட குழாயிலும் வெயிலில் காயும் தாங்கியிலும் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் இடைவழியில் மீண்டும் சேர்க்க ஓர் இடம் ஒதுக்குங்கள். குடிநீரின் தரத்துக்கு எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரநியமம்தான் அளவுகோல். குளம் வற்றும் மாதங்களில் பாசியும் மணமும் கூடும், சுத்திகரிப்பு முறையைத் தெரிவு செய்யும்போது ஓகஸ்ட் மாதத்து நீர் மாதிரியைக் கேளுங்கள்.

படி 5: உறிஞ்சுகுழியா, கழிவுநீர்க் குழாயா?

இந்தப் படியில்தான் இங்கே சண்டை வரும். இலங்கையில் குழாய்வழிக் கழிவுநீர் வலை உள்ளவர்கள் நூற்றுக்கு ஒரு சிலர்தான். மற்ற எல்லாருக்கும் மலக்குழியும் உறிஞ்சுகுழியும். ஆகவே "இவ்வளவு காலம் இருந்ததுதானே, இதற்கும் அதையே போடலாம்" என்று முதலீட்டாளர் சொல்வார். தனி வீட்டுக்கு, பெரிய வளவுக்கு அது சரி. எஸ்.எல்.எஸ். 745 அதற்கான முறையைத் தந்திருக்கிறது.

நெருக்கமான குடியிருப்பில் ஏன் சரிவராது என்று ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். 10 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர், பக்கத்துக்கு 16 மீற்றர். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி, அதாவது 15 மீற்றர் விட வேண்டும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. குழியை மையமாக வைத்து 15 மீற்றர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். வட்டத்தின் பரப்பு மட்டும் 28 பேர்ச்சஸ். உங்கள் கிணற்றை எப்படியாவது மூலையில் தப்ப வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு வட்டத்துக்குள் வந்துவிடும். மணலில் கிருமி வடிகட்டப்பட்டாலும் நைத்திரேற்று கரைந்து போய்க்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்று நைத்திரேற்று எல்லை தாண்டியதற்கு உரத்தோடு மலக்குழிகளும் காரணம் என்று பேசப்படுகிறது. எஸ்.எல்.எஸ். 614 அனுமதிக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

எனவே நெருக்கமான பகுதிக்குக் குழாய் வலை, தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிக்கு ஒழுங்கான மலக்குழி என்று கலந்து திட்டமிடுவது நடைமுறைக்கு ஏற்றது. மலக்குழியை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கலி பவுசர் (மலக்கழிவை உறிஞ்சி ஏற்றும் தாங்கி வாகனம்) வந்து இறைக்க வேண்டும். பவுசர் அதை எங்கே கொட்டுகிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் பவுசர் வந்து இறக்க ஒரு தொட்டி கட்டுங்கள். உள்ளூராட்சி சபை உங்களை வாழ்த்தும்.

குழாய் வலையின் கணக்கு இது. பாவிக்கும் 6,150 இல் 80 வீதம் கழிவுநீராகத் திரும்பும்: ஏறத்தாழ 4,900 கன மீற்றர். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பதால் உச்ச ஓட்டம் உண்டு. 40,000 பேருக்கு உச்சக் காரணி, அதாவது உச்ச ஓட்டம் சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது, ஏறத்தாழ 2.4 என்று கொள்ளலாம். அப்படியானால் குழாய் தாங்க வேண்டியது நொடிக்கு 137 லீற்றர் அளவில். இது வெயில் காலத்துக் கணக்கு.

இனி டிசம்பர். 100 சதுர மீற்றர் கூரையில் மணிக்கு 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5 கன மீற்றர் தண்ணீர். முற்றத்தில் தேங்குகிறது என்று கூரைப் பீலியைக் கழிவுநீர்க் குழாயோடு தொடுத்துவிடும் பழக்கம் எங்கும் உண்டு. அப்படி 100 வீடுகள் தொடுத்தால் மணிக்கு 500 கன மீற்றர், அதாவது நொடிக்கு 139 லீற்றர். பத்தாயிரம் வீடுகளில் நூற்றுக்கு ஒரு வீடு இப்படிச் செய்தால் போதும், 40,000 பேரின் உச்சக் கழிவுநீருக்குச் சமமான வெள்ளம் குழாய்க்குள் வந்து, பள்ளத்து வீட்டு மலசலகூடத்தால் வெளியே வரும். இதனால்தான் மழைநீர் வடிகான் திட்டத்தையும் கழிவுநீர்த் திட்டத்தையும் ஒரே மேசையில் வைத்து வரைய வேண்டும். வடிகான் நன்றாக இருந்தால் யாரும் பீலியைத் திருட்டுத்தனமாகத் தொடுக்கப் போவதில்லை.

சரிவையும் பாருங்கள். சிறு விட்டக் கழிவுநீர்க் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ள நொடிக்கு 0.6 மீற்றருக்கு மேல் வேகம் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம். ஒரு கிலோமீற்றர் போனால் 5 மீற்றர் ஆழம். நிலாவெளிச் சமதரையில் 5 மீற்றர் என்பது கடல் மட்டத்துக்குக் கீழே, ஊறும் மணலுக்குள். எனவே கிலோமீற்றருக்கு ஒரு பம்பி நிலையம் என்று வந்து நிற்கும். பம்பி நிலையம் என்றால் மின்பிறப்பாக்கி வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததும் டீசலுக்கு வரிசையில் நின்றதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். சில மணி நேரக் கழிவுநீரைப் பிடித்து வைக்கும் தொட்டியும் சேர்த்துக் கட்டுங்கள். வெப்பத்தில் தேங்கும் கழிவுநீர் அழுகி வரும் வாயு கொங்கிரீற்றை அரிக்கும் என்பதால் ஆள்துளைகளுக்குப் பூச்சு இல்லாத கொங்கிரீற்றை ஏற்காதீர்கள்.

படி 6: சுத்திகரித்த பிறகு அது எங்கே போகும்?

கூட்டம் வைத்தால் மீனவர் சங்கத்தில் யாராவது எழும்பிக் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: "தம்பி, உங்கட தண்ணி கடைசியில எங்க வந்து விழும்?" பதில் இல்லாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

உள் துறைமுகம் ஆழமானது, அழகானது, ஆனால் நிலம் சூழ்ந்தது. இங்கே கடலேற்ற இறக்கம் அரை மீற்றர் அளவுதான், உள்ளே விட்டது மெதுவாகத்தான் வெளியேறும். மட்டிக்களி போன்ற களப்புகளுக்கும் அதே நிலை. வடக்கே புறாமலைத் தீவின் பவளப்பாறைகள், 2003 முதல் தேசியப் பூங்கா. நைதரசனும் பொசுபரசும் கூடினால் பவளத்தின் மேல் பாசி படரும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் இருப்பதுபோல் ஆழ்கடல் வெளியேற்றக் குழாய் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நீரோட்ட ஆய்வு இல்லாமல் அந்த வரியை அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் 2008 வர்த்தமானி, நீர் எங்கே விடப்படுகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு எல்லைகளை வைத்திருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைக்கு உயிர்வேதி ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் தேவை (கழிவை இரசாயன முறையில் ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசன்) 250, தொங்கல் திண்மம் (நீரில் மிதக்கும் துணிக்கைகள்) 50. கடலுக்கு எல்லை தளர்வானது. தளர்வு இருக்கிறது என்பதற்காக அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம், களப்புக்கும் பவளத்துக்கும் அருகில் கடுமையான எல்லையையே எடுங்கள்.

மீள்பாவனை நல்ல வழி. ஓகஸ்டில் விடுதிப் புல்லுக்கும் வீதி மரத்துக்கும் அந்த 4,900 கன மீற்றரில் பெரும்பங்கைக் கொடுத்தால் கந்தளாயிலிருந்து எடுப்பதை அவ்வளவுக்குக் குறைக்கலாம். இங்கேயும் டிசம்பர் வந்து நிற்கும்: மழையில் நனைந்த புல்லுக்கு யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள். ஆகவே மீள்பாவனை என்று எழுதிவிட்டு வெளியேற்ற வழியைக் கைவிட முடியாது, இரண்டும் வேண்டும்.

நிலையத்தின் முறையைத் தெரிவு செய்ய முதலில் காணியைப் பாருங்கள். வெப்ப நாட்டில், வெயிலும் நுண்ணுயிர்களும் கழிவைச் சுத்தமாக்கும் உறுதிப்படுத்தல் குளங்களுக்கு ஆளுக்கு 2 முதல் 3 சதுர மீற்றர் வரை போகும். 40,000 பேருக்கு 8 முதல் 12 ஹெக்டயர். மின்சாரம் அற்பம், பழுதாவதற்கு ஒன்றுமில்லை. காற்றூட்டி இயங்கும் உயிர்ச்சேற்று முறை ஒரு ஹெக்டயரை ஒட்டி அடங்கிவிடும், ஆனால் நாள் முழுக்க மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆளும் உதிரிப்பாகமும் வேண்டும். காணி கிடைக்குமென்றால் நான் குளத்தைத்தான் சொல்வேன். கண்காட்சிக்கு வைக்க அழகில்லை, அவ்வளவுதான். இடம் தெரிவு செய்யும்போது காற்றையும் கேளுங்கள். நாற்றம் கூடுவது வெயில் காலத்தில், அப்போது காற்று மேற்கிலிருந்து வரும். குடியிருப்புக்கு மேற்கே நிலையத்தைக் கட்டினால் கச்சான் அதை நேரே வீட்டுக்குள் கொண்டுவரும். தரை உயரம் பற்றி, 1964 டிசம்பர்ப் புயலையும் 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரேவியையும் கண்ட கரை இது. மின்பலகைகள் சுவர்க் கறைக்கு மேலே இருக்கட்டும்.

படி 7: அனுமதிகளின் வரிசை

வரிசை தவறினால் ஒரு கடிதத்துக்காக இன்னொரு கடிதம் காத்துக் கிடக்கும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதியோடு தொடங்குங்கள். அதே நேரம் நீர் வழங்கல் சபையிடம் "இவ்வளவு தண்ணீர், இந்த வருடத்திலிருந்து" என்று எழுத்தில் கேளுங்கள். "தரலாம்" என்ற வாய்ச்சொல் திட்டத்துக்கு உதவாது. 1,000 வீட்டு அலகுகளைத் தாண்டும் குடியிருப்பும் 99 அறைகளைத் தாண்டும் விடுதியும் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்படும். முழு மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்துக் கேட்கப்படும். சபை உறுப்பினர்களே, எழுத்தில் கேள்வி போட அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வெளியேற்றக் குழாயும் அதில் அடக்கம். சுத்திகரிப்பு நிலையம் இயங்க முன்பு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், அது காலாவதியானால் புதுப்பிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் தேடாமல் முதலிலேயே கூட்டிச்சென்று காணியைக் காட்டுங்கள். எந்த ஒழுங்கையில் எந்தக் கிணறு மாரியில் நாறும் என்று அவருக்குத் தெரியும்.

படி 8: யார் நடத்துவது, எந்த ஒழுங்கில் கட்டுவது

நிலையத்தைக் கட்டியவர் போன பிறகு அதை நடத்துவது நீர் வழங்கல் சபையா, உள்ளூராட்சி சபையா, குடியிருப்பாளர் சங்கமா? பொறுப்பேற்பதாக எழுத்தில் சொல்லும் நிறுவனத்தின் பொறியியலாளரை வரைபுக் கட்டத்திலேயே கூப்பிடுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் பம்பி வகையையே தெரிவு செய்தால் உதிரிப்பாகத்துக்கு வெளிநாடு பார்க்க வேண்டியதில்லை. ஒப்பந்தகாரருக்குத் தடுத்துவைக்கும் பணத்தை விடுவிக்கும் திகதியை, ஒரு முழு மாரியும் ஒரு முழுக் கோடையும் கழிந்த பிறகு வருமாறு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கட்டங்களாகப் பிரிக்கும்போது வீடுகளை முன்னுக்கும் கழிவுநீர் நிலையத்தைப் பின்னுக்கும் தள்ளும் ஆசை எல்லாருக்கும் வரும், ஏனெனில் வீடு விற்றால் காசு. நிலையத்தை மூன்று சம அலகுகளாக வரைந்து, முதல் அலகு ஓடத் தொடங்கும் வரை முதல் கட்ட வீடுகளுக்குக் குடிபுகு சான்றிதழ் இல்லை என்று நிபந்தனை வையுங்கள். மற்ற இரண்டு அலகுகளுக்கான காணியையும் சுற்றியுள்ள இடைவெளி நிலத்தையும் முதல் நாளே நில அளவைப் படத்தில் தனித் துண்டாகப் பிரித்து, சபையின் பெயருக்கு எழுதி, வேலி அடைத்துவிட வேண்டும். வேலி இல்லாத வெற்றுக் காணியில் இரண்டு வருடத்தில் கிரிக்கெட் பிட்ச் வரும், ஐந்தாம் வருடம் கடைத்தொகுதிக்கு அத்திவாரம் வெட்டுவார்கள்.